தண்ணீர் இருக்கும்போதே

தென்கோடியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு விழுப்புரம் தூக்கத்தில் கடக்கும் ஊர். அம்பாசமுத்திரத்தில் பிறந்த நான் அந்த ஜங்ஷனை முப்பது வருஷமாகக் காதால் மட்டுமே அறிந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நகரும் டீக்காரர் குரல், ரயில் சக்கரத்தை யாரோ சுத்தியலால் தட்டிப் பார்க்கும் கணீர் ஒலி, மறுபடியும் தூக்கம். போன பங்குனியில்தான் முதன்முதலாக அங்கே இறங்கினேன்.

இறங்கி நின்று பார்த்தால் எத்தனை பெரிய சந்திப்பு! சென்னைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, 1879இல் போட்ட புதுச்சேரிப் பாதை ஒன்று என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. இன்னும் சரியாக விடியவில்லை. நடைமேடை முடிகிற இடத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒரு சின்ன வண்டியைத் தண்டவாளத்தின் மேல் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் ஒரு தண்ணீர் கேன், ஒரு சிறு திரை. கேனிலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் தண்டவாளத்தின் முதுகில் ஒழுகிக்கொண்டே வந்தது. கேனை நிரப்ப அவர்கள் குழாயடிக்கு வந்தபோது கேட்டேன்.

“அண்ணாச்சி, இது என்ன வண்டி?”

அண்ணாச்சி என்றதும் என் ஊர்ப் பக்கம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, “தண்டவாளத்துக்கு ஸ்கேன் எடுக்குறோம்மா” என்றார். “மேல பாத்தா பளபளன்னுதான் இருக்கும். உள்ளாற விரிசல் உழுந்திருக்கும். சத்தத்த அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும்.”

“தண்ணி எதுக்கு?”

“தண்ணி இல்லன்னா சத்தம் உள்ள எறங்காதும்மா. எடையில காத்து பூந்துக்கும்.”

நான் விழுப்புரத்துக்கு வந்ததே ஒரு ஸ்கேன் டாக்டரைப் பார்க்கத்தான். பாளையங்கோட்டையில் படித்த நாட்களில் ஒரே வீட்டில் குடியிருந்தவள், மயிலம் பக்கத்துக்காரி. காலையில் விழுப்புரம், மதியத்துக்கு மேல் திண்டிவனம் என்று இரண்டு ஊருக்கும் நடுவே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறாள். வயிற்றிலிருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பது அவள் வேலை. அதிலும் வம்சவழியாக வரும் அபூர்வ நோய்களைப் பிறப்பதற்கு முன்பே கண்டறிவதில் அவளுக்குத் தனி அக்கறை. “ஒரு தடவை வந்து பாருடி, எழுதுறதுக்கு இருக்கு” என்று பல வருஷமாகக் கூப்பிட்டவள்.

திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் தோழியின் கார் ஏறியது. எங்கள் பக்கத்து ஆறும் மலையும் இங்கே இல்லை, ஏரியும் வானமும்தான். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலையின் வெல்ல வாசனை. அதே ஊரில்தான் 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் பனை, சவுக்கு, மணிலாக் கொல்லை. சாலையோரம் மலைமலையாகத் தர்பூசணி குவித்திருந்தார்கள். ஒரு கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மா ஒவ்வொரு பழத்தையும் காதருகே தூக்கி, விரலால் தட்டிக் கேட்டு, மூன்றாவதை எங்களிடம் கொடுத்தார். அறுத்ததும் ரத்தச் சிவப்பு.

காலையில் பார்த்த தண்டவாள வண்டியைப் பற்றிச் சொன்னேன். தோழி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

“அந்த வண்டியும் என் மெஷினும் பங்காளிங்கடி” என்றாள். “ரெண்டும் ஒரே குடும்பம்.”

அவள் சொன்ன கதை இது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். 1955 ஜூலையில் ஒரு நாள், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை இரண்டு கார்களின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பின் உள்ளே பழுது இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டியாகச் சோதித்தார்கள். நீர் நிறைந்த கட்டி ஒரு விதமாக எதிரொலித்தது; கெட்டியான சதைக்கட்டி வேறு விதமாக. பிறகு கெல்வின் அண்ட் ஹியூஸ் என்ற கருவி நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் இதைக் கேள்விப்பட்டு, தானாகவே டொனால்டுக்கு போன் செய்து வந்து சேர்ந்தார். ஜான் மெக்விகார் என்ற மருத்துவரும் சேர்ந்துகொள்ள, 1958 ஜூன் 7 அன்று ‘லான்செட்’ இதழில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. வயிற்றுக்குள்ளிருக்கும் சிசுவின் தலை ஒலியால் வரைந்த படமாக அச்சானது அப்போதுதான். 1972இல் லண்டனில் ஸ்டூவர்ட் கேம்பெல், மண்டையோடு உருவாகாத ஒரு சிசுவை 17ஆவது வாரத்திலேயே கண்டறிந்தார். பிறந்த பிறகுதான் தெரியும் என்றிருந்த குறை, பிறப்பதற்கு மாதங்களுக்கு முன்பே தெரியவந்தது.

தண்டவாளத்துக்குள் போகும் ஒலியும் தாயின் வயிற்றுக்குள் போகும் ஒலியும் கிட்டத்தட்ட ஒரே வரிசையைச் சேர்ந்தவை. விநாடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுகள். அங்கே கேன் தண்ணீர், இங்கே வயிற்றில் தடவும் ஜெல். இரண்டும் நடுவிலிருக்கும் காற்றை விலக்கத்தான்.

திண்டிவனத்தில் அந்த ஸ்கேன் கூடம் பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருந்தது. சிசு ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாசலிலேயே பலகை. உள்ளே நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். செஞ்சி, மரக்காணம், வந்தவாசி என எல்லாத் திசையிலிருந்தும் வந்தவர்கள். ஸ்கேன் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டேன். மாமியாரும் நாத்தனாரும் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “குடி, குடி, மூத்திரப் பை ரொம்பினாத்தான் கூப்புடுவாங்க” என்று அவசரப்படுத்தினார்கள். எத்தனையாவது மாதம் என்று கேட்டால் ஒரே பெண்ணுக்கு மூன்று பதில். “அஞ்சு நடக்குது” என்பாள் அவள். “அஞ்சு முடிஞ்சு ஆறு” என்பார் மாமியார். கையிலிருக்கும் சீட்டில் 23 வாரம் என்றிருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை என்று அன்று இரவு தோழி விளக்கினாள். எலும்பு, இதயம், மூளை, சிறுநீரகம் என ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்குச் சரியான காலம் 18 முதல் 20 வாரம் வரை. நம் வீடுகளில் ‘அஞ்சாம் மாச ஸ்கேன்’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். மாதக் கணக்கில் போகிறவர்கள் ஒரு நல்ல நாள், ஒரு திருவிழா, ஒரு அறுவடை என்று தள்ளிப்போட்டு வந்து சேரும்போது ஐந்து வாரம் ஓடிப்போயிருக்கும். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டம், சிசுவுக்குக் கடுமையான குறை இருப்பது போன்ற காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு இடம் தருகிறது. அதற்கு மேல் மருத்துவக் குழு கூடித் தீர்மானிக்க வேண்டும். 23ஆவது வாரத்தில் முதன்முதலாக ஒரு குறையைக் கேள்விப்படும் பெண்ணுக்கு யோசிக்க, அழ, இன்னொரு மருத்துவரைக் கேட்க எத்தனை நாள் மிச்சம்?

கூட்டம் கலைந்த பிறகு, பெயர் நீக்கிய சில பழைய படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாள். எனக்குச் சாம்பல் நிறப் புகைதான் தெரிந்தது. அவள் சுட்டிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முதுகெலும்பு, மணி கோத்ததுபோல். சுண்டுவிரல் நகமளவு இதயத்தில் நான்கு அறைகள். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த படத்தில் அவள் குரல் தணிந்தது.

“இங்க பாரு, பின்னந்தலை எலும்புல ஒரு இடைவெளி. மூளை அது வழியா வெளிய புடைச்சிருக்கு. இது ரெண்டு கிட்னியும். வயித்தையே அடைச்சுக்கிட்டு, சின்னச் சின்ன நீர்க்குமிழா. கைய எண்ணு.”

எண்ணினேன். ஆறு விரல்கள்.

தலை, சிறுநீரகம், விரல் மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் மெக்கல்-குரூபர். 1822இல் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் யோஹான் பிரீட்ரிக் மெக்கல் முதலில் விவரித்தார்; 1934இல் குரூபர் மறுபடி எழுதினார். இந்தக் குழந்தைகள் வயிற்றிலேயே இறந்துவிடும். பிறந்தாலும் சில மணி நேரம், சில நாட்கள்தான்.

“இத 12 வாரத்துலயே பெரும்பாலும் புடிச்சிடலாம். 22 வாரத்துல வந்தா எனக்கே கஷ்டம்” என்றாள். வளர வளரத்தானே நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குழந்தை மிதக்கும் பனிக்குட நீரில் பெரும்பகுதி, சுமார் 16 வாரத்துக்குப் பிறகு, குழந்தையின் சிறுநீர்தான். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் நீர் வற்றிப்போகும். நீர் வற்றினால் கருப்பை குழந்தையின் மேல் ஒட்டிக்கொள்ளும். விரல் மடங்கிக் கிடக்கும். தலையும் கையும் ஒன்றோடொன்று அப்பிப் படம் மங்கும். எந்த நோயைத் தேடுகிறோமோ அதுவே தன்னைக் காட்டும் தண்ணீரை வற்றடித்துவிடுகிறது. காலையில் குழாயடியில் அந்த ஊழியர் சொன்னது நினைவுக்கு வந்தது.

அதனால்தான் 11 வாரத்துக்கும் 13 வாரம் 6 நாளுக்கும் இடையில் எடுக்கும் ஸ்கேனை அவள் அத்தனை வற்புறுத்துகிறாள். அப்போது குழந்தை தலையிலிருந்து பிட்டம்வரை எட்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. கழுத்தின் பின்னால் தோலுக்கடியில் சேரும் நீரை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். 1992இல் லண்டனில் கைப்ரோஸ் நிக்கொலாய்ட்ஸ் குழுவினர் உலகுக்குக் காட்டிய வழி இது. அந்த நீர்ப்படலம் தடித்திருந்தால் குரோமோசோம் கோளாறு, இதயக் குறை, சில அபூர்வ மரபு நோய்கள் ஆகியவற்றைத் தேடத் தொடங்கலாம்.

அவள் மேஜையில் ஒரு பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. விளையாட்டுக்கு இரண்டு வேண்டுமே, ஒன்றுதானே இருக்கிறது என்றேன். “இது விளையாடுறதுக்கு இல்ல” என்று உருட்டினாள். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் வந்தால் இதை வைத்துத்தான் விளக்குவாளாம். அப்பாவிடம் ஒரு பழுதான மரபணு, அம்மாவிடமும் அதே பழுது. இருவரிடமும் நல்ல நகல் ஒன்று இருப்பதால் இருவருக்கும் ஒரு குறையும் தெரியாது. பிள்ளைக்கு நாலு பக்கம். மூன்று குழி உள்ள பக்கம் விழுந்தால் பழுதே இல்லாத பிள்ளை. ஒன்று, இரண்டு விழுந்தால் பெற்றோரைப் போலவே பழுதைச் சுமக்கும், ஆனால் ஆரோக்கியமான பிள்ளை. வெறும் பக்கம் விழுந்தால் இரண்டு பழுதும் சேர்ந்த பிள்ளை. “ஒரு தடவ வெறும் பக்கம் விழுந்திடுச்சு, இனிமே மூணு பிள்ளைங்க நல்லாப் பொறக்கும்னு நெனைக்கிறாங்க. கட்டைக்கு முன்னாடி விழுந்தது ஞாபகம் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் புது ஆட்டம்.”

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்குச் சுமார் 28 பேர் ரத்த உறவில் கட்டிக்கொண்டவர்கள். இந்தியா முழுமைக்கும் அது 11 பேர்தான். இதைச் சொல்லும்போது யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. நிலம் பிரியக் கூடாது, பெண் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்ற காரணங்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும்; அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். தாய்மாமனைக் கட்டும்போது உறவு இன்னும் நெருக்கம், அபாயமும் கூடுதல்.

என் ஆச்சி தன் தாய்மாமனைக் கட்டியவள். பெற்றது ஒன்பது, நிலைத்தது நான்கு. மற்ற ஐந்தைப் பற்றிக் கேட்டால் “தங்கல” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வாள். அதில் ஒன்றுக்குக் கையில் ஆறு விரல் இருந்ததாக ஒருமுறை சொல்லியிருக்கிறாள், அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்களாம். எது என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆறாவது விரல் பெரும்பாலும் தனியாகவே வரும், தீங்கில்லாதது. ஆனாலும் அந்தத் தாயக்கட்டையைக் கையில் வாங்கியபோது ஆச்சியின் ஐந்து பிள்ளைகளும் நினைவில் வந்தார்கள். அன்றிரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை தோழி வேலைக்குப் போக, நான் மட்டும் திருவக்கரைக்குப் போனேன். சங்கராபரணி ஆற்றங்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலைத் தாண்டினால் செம்மண் மேட்டில் கல்லாகிப் போன மரங்கள், ஏறத்தாழ 2 கோடி வருஷத்துக்கு முந்தியவை. 1781இல் சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பார்த்து எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தொட்டால் கல், பார்த்தால் பட்டையும் கணுவும் அப்படியே. ஒரு மரத்துக்கும் வேர் இல்லை, கிளை இல்லை. அதை வைத்தே இவை இங்கே வளர்ந்தவை அல்ல, ஏதோ பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்று சொல்கிறார்கள். மெல்லிய துண்டாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, இது புளிய மரத்தின் குடும்பம், இது மருத மரத்தின் குடும்பம் என்று பிரித்திருக்கிறார்கள். புளியங்காட்டின் பெயரைச் சுமக்கும் திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே கல்லாகிக் கிடக்கும் புளியின் உறவு! எப்போதோ செத்துப்போன மரம் தன் குலத்தைச் சொல்லிக்கொண்டு கிடக்கிறது. நாம் மட்டும் தங்காமல் போன பிள்ளையை அவசரமாகப் புதைத்துவிட்டு, அது சொல்லியிருக்கக் கூடியதையும் சேர்த்து மூடிவிடுகிறோம்.

அன்று சாயங்காலம் திண்டிவனம் கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். விக்கிரவாண்டிக்குக் கிழக்கே ஒரு ஊர். தாய்மாமனையே கட்டியவள். “எந்த ஊருக்கா நீங்க?” என்று ஆரம்பித்து அவளாகவே சொன்னாள். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில், தண்ணியே இல்லாமல் பிறந்து ஒரு மணி நேரம் இருந்தது. பின்னந்தலையில் கட்டி. பனந்தோப்பில் புதைத்தார்கள். ஏன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டாவது முறை முழுகாமல் இருந்தபோது 20ஆவது வாரத்தில் ஸ்கேனில் சந்தேகம் வந்தது. நீர் குறைந்துவிட்டதால் படம் சரியாகத் தெரியவில்லை. அது போன பிறகு, டாக்டரம்மா மணிக்கணக்காகப் பேசி, பரிசோதனைக்குச் சம்மதம் வாங்கினார். “எங்க அம்மா, புள்ளயப் போட்டு அறுக்கணுமான்னு ஒரே அழுகை. எங்க மாமாதான்க்கா ஒத்துக்கிச்சு. அடுத்ததுக்காவது தெரியட்டும்னு.”

அந்தப் பரிசோதனையில் எந்த மரபணுவில் பழுது என்பது தெரிந்தது. கணவன் மனைவி இருவரிடமும் அதே பழுது ஒவ்வொரு நகல். மூன்றாவது முறை நாள் தள்ளிப்போன உடனேயே வந்துவிட்டாள். 12ஆவது வாரத்தில் ஸ்கேன். விழுப்புரத்தில் காட்பாடி ரயிலேறி வேலூர் போய், நச்சுக்கொடியாக வளரும் திசுவில் ஊசியால் துளி எடுத்துச் சோதனை. கருக்கலையும் அபாயம் அதில் மிகக் கொஞ்சம் உண்டு என்பதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்களாம். முடிவு வரும்வரை அவள் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தாலசீமியா, தசைகளை முடக்கும் எஸ்.எம்.ஏ. போன்ற மரபு நோய்கள் உள்ள சிசு, படத்தில் பெரும்பாலும் குறையே இல்லாமல் தெரியும். அவற்றுக்குக் குடும்பத்தின் கதையும் ரத்தப் பரிசோதனையும் இப்படியான ஊசிச் சோதனையும்தான் வழி. வேலூர் சி.எம்.சி.யில் மரபியலுக்கென்று தனித் துறை உண்டு. பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர். சென்னையில் டாக்டர் எஸ். சுரேஷ் தொடங்கிய மெடிஸ்கேன். இவற்றுக்கு நடுவில், ரயிலும் பேருந்தும் எட்டுகிற தூரத்தில்தான் விழுப்புரமும் திண்டிவனமும் இருக்கின்றன. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது அந்தப் பெற்றோரின் தீர்மானம். அதில் நுழைய எனக்கோ ஊருக்கோ உரிமை இல்லை. கருவைச் சுமந்தே தீருவது என்று முடிவெடுத்த தாய்மாரும் உண்டு. அவர்களுக்கும், எந்த மருத்துவமனையில் பெற வேண்டும், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய துணை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த மூன்றாவது பிள்ளைக்கு இது 19ஆவது வாரம். அரை மணி நேரத்துக்குப் பிறகு, வயிற்றில் இன்னும் ஈரம் காயாமல், ஒரு கையில் சேலைத் தலைப்பும் மறு கையில் காகிதமுமாக வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் கை இரண்டையும் விரித்துக் காட்டினாள்.

“ரெண்டு கையிலயும் அஞ்சஞ்சு வெரலுக்கா. எண்ணிக் காட்டுனாங்க.”

சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களும், ஒரு பிள்ளையையாவது காரணம் தெரியாமல் இழந்தவர்களும் நாள் தள்ளிப்போனதும் நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கணக்கை மாதத்தில் வைக்காமல் வாரத்தில் வையுங்கள். பழைய ஸ்கேன் படங்களைத் தூர எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். 12ஆவது வாரத்தில் போங்கள்.